செத்த காலேஜுக்கு வெள்ளிக்கிழமை போகாதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஊர் சுற்றுவது பற்றித்தான். பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டாச்சு, கடலூரிலும் புதுச்சேரியிலும் வெயில் மண்டையைப் பிளக்கிறது, சனம் எல்லாம் சென்னைக்குக் கிளம்புகிறது போல. அங்கே மட்டும் என்ன குளுகுளுவென்றா இருக்கிறது என்று கேட்கத் தோன்றினாலும் கேட்கவில்லை. சமையல், சம்பளம், மாமியார் கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். ஒரு மாமியார் மட்டும் கடைசியில் வருகிறார், அவரைத் தள்ள முடியவில்லை.

அக்கா, சென்னையில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். வெள்ளி காலை முகூர்த்தம், சனி ராத்திரிதான் ஊருக்குத் திரும்புகிறோம். பையனுக்கு 11 வயது, பெண்ணுக்கு 7. வீட்டுக்காரர் மாலுக்குப் போகலாம் என்கிறார். எனக்கு எழும்பூர் மியூசியத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை. யார் சொல்வது சரி?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் கல்யாணச் சாப்பாட்டை முடித்துவிட்டு வெள்ளி மத்தியானமே போய் நின்றீர்களானால் வீட்டுக்காரர் ஜெயித்துவிடுவார், ஏனென்றால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிதான் வார விடுமுறை. நான் ஒரு தடவை (எந்த இடம் என்று சொல்ல மாட்டேன், தப்பு என்மேல்தான்) தங்கச்சி பிள்ளைகள் மூன்று பேரை இழுத்துக்கொண்டு, புளிச்சோற்றுத் தூக்கும் கையுமாக, இரண்டு பஸ் மாறிப் போய்ப் பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்றிருக்கிறேன். அங்கேயே மர நிழலில் உட்கார்ந்து தூக்கைக் காலி செய்துவிட்டுத் திரும்பினோம். பிள்ளைகளுக்கு இன்றைக்கும் அந்த ஊரில் நினைவிருப்பது அந்தக் கேட்டு ஒன்றுதான். அதனால் வெள்ளி நன்றாகத் தூங்குங்கள், சனிக்கிழமை காலை 9.30க்குத் திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள்.

பிள்ளைகளிடம் அருங்காட்சியகம் என்று சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள், பரீட்சைக்குப் போகிற மாதிரி முகம் சுருங்கிவிடும். பழைய சென்னைக்காரர்கள் அதற்கு வைத்த பெயரைச் சொல்லுங்கள்: செத்த காலேஜ். கதை இதுதான். 1851இல் எட்வர்ட் பால்ஃபர் என்கிற டாக்டர் பொறுப்பில் மியூசியம் நுங்கம்பாக்கத்தில் தொடங்கி, 1854இல் எழும்பூர் பாந்தியன் கட்டிடத்துக்கு வந்தது. கல்லையும் பாடம் பண்ணின விலங்கையும் மட்டும் வைத்தால் கூட்டம் வருமா? பால்ஃபர் உயிருள்ள ஒரு புலிக்குட்டியையும் சிறுத்தையையும் கொண்டுவந்து வைத்தார், ஊரே திரண்டு வந்தது. அதோடு விடாமல் ஆற்காட்டு நவாபிடமிருந்தும் விலங்குகளை வாங்கி, 1855இல் அதே வளாகத்தில் மிருகக்காட்சி சாலையே உண்டாகிவிட்டது. பிறகு அது சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்கு இடம் மாறி, 1985இல் வண்டலூருக்குப் போயிற்று. உயிரோடு இருந்ததெல்லாம் உயிர் காலேஜ், எழும்பூரிலேயே தங்கிவிட்டது செத்த காலேஜ். இப்படி அழகாகப் பெயர் வைக்கிற ஆட்கள் இப்போது எங்கே போனார்கள் என்று தெரியவில்லை.

முதலில் திமிங்கல எலும்புக்கூட்டுக்குக் கூட்டிப்போங்கள். ஏழு வயசுப் பெண் அதன் கீழே நின்று மேலே பார்க்கிற ஒரு நிமிஷத்துக்கே டிக்கெட் காசு சரியாகிவிடும். அப்புறம் நேராக வெண்கலச் சிலைக் கூடம். அங்கே நான் செய்கிற ஒரு விளையாட்டு உண்டு: நம் ஊர் பஸ் போர்டுகளில் பார்த்த ஊர்ப் பெயர்களைச் சிலைக்குக் கீழே இருக்கும் பலகைகளில் தேடச் சொல்வேன். கடலூர் பிள்ளைகளுக்கு இது சுலபம், சிதம்பரம், சீர்காழி என்று போகிற பாதை முழுக்க அவர்களுக்கு அத்துப்படி. அப்படித் தேடித்தான் ஒரு பொடியன் திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரரைக் கண்டுபிடித்துவிட்டு, "இது எங்க பெரியம்மா ஊரு!" என்று கத்தினான். பாதி ஆண், பாதி பெண், நிற்கிற ஒயிலே இரண்டு பக்கமும் வேறு வேறு. பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள், பதிலை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

திருவாலங்காட்டு நடராஜரும் அதே கூடத்தில்தான். பிரான்சின் பெரிய சிற்பி ரோதேன் இந்த நடராஜரை நேரில் பார்த்ததே இல்லை. புகைப்படங்களை மட்டும் பார்த்துவிட்டு மயங்கிப்போய் ஒரு கட்டுரையே எழுதினார், அது 1921இல் அச்சில் வந்தது. போட்டோ பார்த்தவருக்கே அந்த நிலைமை. நமக்கு மூன்று மணி நேரப் பஸ், அதுவும் போகச் சோம்பல்.

அமராவதிச் சிற்பங்கள், ஆதிச்சநல்லூர்த் தாழிகள், இன்னும் எவ்வளவோ இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்க்காதீர்கள். இரண்டரை மணி நேரம் போதும், அதற்கு மேல் யாருக்கும் கண்ணில் எதுவும் ஏறாது, கால் வலிதான் ஏறும். மத்தியானத்துக்கு மேல் மாலுக்குப் போய்க்கொள்ளுங்கள், வீட்டுக்காரருக்கும் ஒரு வெற்றி இருக்கட்டும்.

மியூசியம் என்றாலே எனக்குக் கொட்டாவி வருகிறது. உடைந்த பானையைப் பார்க்க எதற்கு இத்தனை கிலோமீட்டர் போக வேண்டும்?
– கல்லூரி மாணவர், அரியாங்குப்பம்

தம்பி, இந்தக் கேள்வியை உலகத்தில் எந்த ஊர்க்காரர் கேட்டாலும் பொறுத்துக்கொள்வேன், அரியாங்குப்பத்துக்காரர் கேட்கலாமா? உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் அரிக்கமேடு இருக்கிறது. அதை உலகத்துக்குத் தெரிய வைத்ததே உடைந்த பானைதான். அதுவும் எங்கே தொடங்கியது? நீங்கள் கொட்டாவி விடுகிற அதே எழும்பூர் மியூசியத்தில்.

1944இல் தொல்லியல் துறைத் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர் அங்கே ஒரு அலமாரிக்குள் கையை விட்டுத் துழாவும்போது ஒரு ஜாடியின் கழுத்துப் பகுதி கையில் சிக்கியது. ரோமானியர்கள் ஒயின் ஊற்றி அனுப்புகிற ஆம்போரா ஜாடி. எங்கிருந்து வந்தது என்று கேட்டால், புதுச்சேரிப் பக்கம் அரிக்கமேடு என்றார்கள். உடனே கிளம்பி இங்கே வந்தார். அடுத்த வருஷமே, 1945இல், ஆற்றங்கரையில் தோண்ட ஆரம்பித்துவிட்டார். இத்தாலியில் அரெஸ்ஸோ என்கிற ஊரில் செய்த சிவப்புப் பளபளப்பு மண்பாண்டம் எந்தக் காலத்தது என்று ஏற்கெனவே தெரியும். அதன் துண்டு கிடைத்த மண்ணடுக்கில் கூடவே கிடைத்த நம் ஊர்ப் பானைக்கும் அதே காலம்தானே? இப்படித்தான் தென்னிந்தியாவின் எத்தனையோ பழைய ஊர்களுக்கு வயது சொல்ல ஒரு வழி பிறந்தது. முழுசாக இருந்த பானை ஒன்றும் செய்யவில்லை, ஓடுதான் செய்தது.

சென்னைக்கு வேண்டாம், முதலில் பாரதி பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அந்த ஓடுகளும் மணிகளும் அங்கே கண்ணாடிக்குள் இருக்கின்றன. திங்கள் விடுமுறை. கொட்டாவி வந்தால் எனக்கு எழுதுங்கள்.

புதுச்சேரியிலிருந்து ஈசிஆர் வழியாகச் சொந்தக் காரில் சென்னை போகிறோம். மாமல்லபுரம் பத்துத் தடவை பார்த்தாச்சு. வழியில் வேறு ஏதாவது வித்தியாசமாக?
– வாசகர், முதலியார்பேட்டை

என்னைக் கேட்டால் சென்னையின் சுவாரசியமான இடங்களில் பாதி, ஊருக்குள் நுழைவதற்கு முன்னாலேயே இந்தச் சாலையில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. எல்லாரும் சாயங்காலத்துக்குள் தி.நகர் போய்ச் சேர வேண்டும் என்று பறப்பதால் இவை கண்ணாடி வழியாக ஓடிவிடுகின்றன. கிழமை மட்டும் பாருங்கள், திங்களும் செவ்வாயும் இந்தச் சாலைக்கு ஆகாத நாட்கள்.

மாமல்லபுரம் தாண்டியதும் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை. ரோமுலஸ் விட்டேக்கர் 1976இல் தொடங்கியது, திங்கள் விடுமுறை. முதலைகள் கல் மாதிரி கிடக்கும், உயிர் இருக்கிறதா என்று சந்தேகப்பட்டுக்கொண்டே அரை மணி நேரம் போய்விடும். நான் போகச் சொல்வது அதற்காக மட்டும் இல்லை. அதே வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, 1978இல் தொடங்கியது. பாம்புத் தோல் வியாபாரம் சட்டப்படி நின்றுபோனதும், பாம்பு பிடிப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாத இருளர்களுக்குச் சோற்றுக்கு வழியில்லாமல் போனது. அதே கைத்திறமையை விஷம் எடுக்கத் திருப்பிவிட்டார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலும்தான். பானைக்குள் வைத்திருக்கும் பாம்பை ஒருவர் சாதாரணமாக, நாம் துணி எடுத்து உதறுகிற மாதிரி எடுத்து, வாயைக் குப்பியின் விளிம்பில் வைத்து விஷத்தைக் கக்க வைப்பார். சில வாரங்கள் வைத்திருந்து நான்கு தடவை எடுத்துவிட்டு, அடையாளம் வைத்துத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். நம் அரசு ஆஸ்பத்திரிகளில் பாம்புக்கடிக்குப் போடுகிற ஊசி மருந்து எங்கிருந்து புறப்படுகிறது என்று கேட்டால், பெரும்பாலும் இந்தப் பானைகளிலிருந்துதான். இருளர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்கிற இருவர் அமெரிக்காவில் புளோரிடா வரை போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தார்கள், 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நெல்லறுக்கிற வயல்காட்டுப் பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

அடுத்தது முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா, 1996இல் திறந்தது, செவ்வாய் விடுமுறை. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று அந்தந்த ஊரில் இடிக்கப் போன பழைய வீடுகளைக் கட்டை கட்டையாகப் பிரித்து எடுத்துவந்து இங்கே திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டில் தூணைத் தொட்டுப் பார்க்கலாம், திண்ணையில் உட்காரலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். சக்கரத்தில் பானை வனையவும் விடுவார்கள், பிள்ளைகள் உடம்பெல்லாம் களிமண்ணாக வருவார்கள், மாற்றுத்துணி எடுத்துப் போங்கள். வெயிலில் நடக்கிற இடம். காலையில் போவது புத்திசாலித்தனம்.

ஈஞ்சம்பாக்கம் வந்ததும் இரண்டு இடங்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. ஒன்று, கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு சேர்ந்த ஓவியர்களும் 1966இல் மணல்காடாகக் கிடந்த இடத்தைச் சொந்தக் காசில் வாங்கிக் குடியேறிய சோழமண்டலம் ஓவியர் கிராமம். பத்திக் துணி விற்றுக் காசு சேர்த்தார்களாம். அமைதியாக இருக்கும், ஓவியம் புரிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இன்னொன்று விஜிபி பொழுதுபோக்குப் பூங்கா வாசலில் சிலை மாதிரி அசையாமல் நிற்கிற சிலை மனிதர். எங்கள் தலைமுறையில் அவரைச் சிரிக்க வைக்க முயலாத பிள்ளை கிடையாது. என் அண்ணன் அவர் முன்னால் குட்டிக்கரணம் போட்டான். ஒன்றும் நடக்கவில்லை. அசையாமல் நிற்பதை ஒரு வேலையாகச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று இப்போது பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போதெல்லாம் தோன்றுகிறது.

ஒரே நாளில் நாலும் முடியாது. இரண்டை வைத்துக்கொள்ளுங்கள், நான் பாம்பையும் வீட்டையும் எடுப்பேன்.

தரையிலும் சுவரிலும் படம் வரைந்து, அதில் நின்று போட்டோ எடுக்கிற மியூசியம் ஒன்றுக்குப் போனோம். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஏமாந்துவிட்டோமா?
– வாசகி, நெல்லிக்குப்பம்

கொஞ்சம். நானும் அந்த மாதிரி ஓர் இடத்தில் சுறா வாயில் தலையைக் கொடுத்து நின்றிருக்கிறேன், படத்தில் சுறா என்னைப் பார்த்து மிரண்ட மாதிரி இருந்தது. ஆனால் அதன் சூட்சுமம் தெரிந்தால் காசு அவ்வளவாக உறுத்தாது. நமக்கு இரண்டு கண், அதனால்தான் எது கிட்டே எது தூரம் என்று தெரிகிறது. கேமராவுக்கு ஒற்றைக் கண். ஒரே ஒரு புள்ளியிலிருந்து பார்த்தால் மட்டும் சரியாக வருகிற மாதிரி படத்தை இழுத்துக் கோணலாக வரைந்திருப்பார்கள், அந்தப் புள்ளியைத் தரையில் குறித்தும் வைத்திருப்பார்கள். நேரில் பார்க்கையில் கோணாமாணா என்று இருப்பது போட்டோவில் பள்ளத்தாக்காக மாறுவது அதனால்தான். பையனை வீட்டு மொட்டைமாடியில் சாக்பீஸால் ஒரு கிணறு வரையச் சொல்லுங்கள், போனை ஒரே இடத்தில் நிறுத்திவைத்து அதன் வழியாகப் பார்த்துப் பார்த்துத் திருத்த வேண்டும். லீவு முழுக்க ஓடும்.

அப்பா ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர். கோயில் தவிர எங்கேயும் வர மாட்டேன் என்கிறார்.
– வாசகர், கடலூர் முதுநகர்

பெரம்பூரில் ஐசிஎஃப் என்கிற ரயில் பெட்டித் தொழிற்சாலை பக்கத்தில் இருக்கும் ரயில் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போங்கள், அவருக்கு அதுவும் கோயில்தான். 2002இல் திறந்தது, திங்கள் விடுமுறை. பழைய நீராவி இன்ஜின்கள், பெட்டிகள் எல்லாம் வெளியில் மரத்தடியில் நிற்கின்றன, பிள்ளைகளுக்குக் குட்டி ரயிலும் உண்டு. ஐசிஎஃப் தொழிற்சாலையே 1955இல் தொடங்கியது, அவர் வேலை பார்த்த காலத்தில் ஓடின பெட்டிகளில் எத்தனையோ அங்கே பிறந்தவை. மீட்டர் கேஜ் காலத்துக் கதைகளை அவர் ஆரம்பித்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள், போன் எடுத்துப் பதிவு பண்ணிக்கொண்டாலும் நல்லது. திரும்பி வரும் அவசரம் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள்.

சென்னையிலிருந்து அண்ணி குடும்பம் இங்கே வருகிறது. பீச், ஆரோவில், படகு எல்லாம் ஏற்கெனவே பார்த்தாச்சாம். என்ன காட்டுவது?
– வாசகி, லாஸ்பேட்டை

பாரதி 1908இலிருந்து 1918 வரை பத்து வருஷம் இந்த ஊரில்தான் இருந்தார், ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் இருந்த வீடு நினைவகமாக இருக்கிறது. பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வீடு. இரண்டையும் நடந்தே பார்க்கலாம். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே படுத்ததாகச் சொல்லும் கட்டிலும், ஆள் தள்ளிக்கொண்டு போகிற பழைய புஷ் புஷ் வண்டியும் இருக்கின்றன. வண்டியில் உட்கார்ந்தவரைவிடத் தள்ளினவரைப் பற்றித்தான் எனக்கு எப்போதும் யோசனை ஓடும்.

கொஞ்சம் தூரம் போகத் தயார் என்றால் திருவக்கரை. கோயில் எல்லாருக்கும் தெரியும், பௌர்ணமிக்குக் கூட்டம் தாங்காது. அதே ஊரில் கல்மரப் பூங்கா இருப்பதைப் பார்க்காமலேயே திரும்புகிறவர்கள்தான் அதிகம். சுமார் 2 கோடி வருஷத்துக்கு முன்னால் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலுக்குள் புதைந்த மரங்கள், தண்ணீரில் கரைந்த சிலிக்கா (மணலில் இருக்கிற அதே பொருள்) உள்ளே ஊறி ஊறிக் கல்லாகிவிட்டன. பட்டையும் வளையமும் அப்படியே தெரியும், தட்டினால் கல் சத்தம். அண்ணி விறகு என்று சொல்வார், தூக்கிப் பார்க்கச் சொல்லாதீர்கள், எடுக்கவும் கூடாது.

சாயங்காலம் உங்கள் லாஸ்பேட்டையிலேயே அப்துல் கலாம் அறிவியல் மையமும் கோளரங்கமும் இருக்கிறது. அங்கே போகும் வழியில் அண்ணிக்கு லெ ஜென்டில் கதையைச் சொல்லுங்கள். வெள்ளி கிரகம் சூரியனைக் கடப்பதை அளக்கப் பிரான்சிலிருந்து புதுச்சேரிக்குக் கப்பலேறிய வானியலாளர். 1761இல் வந்துகொண்டிருக்கும்போதே ஊரை இங்கிலீஷ்காரன் பிடித்துவிட்டான், ஆடுகிற கப்பலில் இருந்து ஒன்றும் அளக்க முடியவில்லை. அடுத்த வாய்ப்பு எட்டு வருஷம் கழித்து. ஊருக்குப் போகாமல் இந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்து, 1768இல் இங்கே வந்து மேடை கட்டிக் காத்திருந்தார். 1769 ஜூன் 4 விடிகாலை, சரியாக அந்த நேரத்துக்கு மேகம் மூடியது, எல்லாம் முடிந்ததும் வெயில் அடித்தது. ஜூன் மாசத்துப் புதுச்சேரியில் நமக்கெல்லாம் ஒரு மேகம் வராதா என்று இருக்கும், அந்த மனுஷனுக்குப் போய் வந்திருக்கிறது பாருங்கள். 1771இல் வீடு திரும்பினால், செத்துவிட்டார் என்று முடிவுகட்டிச் சொந்தக்காரர்கள் சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் சென்னை, புதுச்சேரி என்றே எழுதுகிறீர்கள். கடலூர் என்ன பாவம் பண்ணியது?
– வாசகர், குண்டு உப்பலவாடி

உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நீங்கள் மியூசியத்துக்குள்ளேயே குடியிருக்கிறீர்கள். 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை இங்கிலீஷ் கம்பெனி மராட்டியர்களிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, எல்லை எது என்பதற்குப் போட்ட ஒப்பந்தம், கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும். சுற்றி எல்லாப் பக்கமும் சுட்டார்கள், குண்டு விழுந்த வரைக்கும் இருந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. உலகத்தில் நிலம் அளந்த கதைகளில் இதுபோல் அடாவடியான ஒன்று இருக்காது. சில்வர் பீச்சுக்குச் சுண்டல் சாப்பிடப் போகிறவர்கள் பக்கத்தில் மிச்சமிருக்கும் அந்தக் கோட்டைச் சுவரையும் ஒரு எட்டுப் போய்ப் பார்க்கலாம். மஞ்சக்குப்பத்தில் அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது. நீங்கள் போயிருக்கிறீர்களா? நிஜமாகச் சொல்லுங்கள்.

மாமியாருக்கு முட்டி வலி. ஆனால் எங்களோடு சென்னையைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்.
– வாசகி, வில்லியனூர்

முட்டி வலியோடு ஒற்றைக் காலிலா? பாராட்டுகிறேன். மெரினா கலங்கரை விளக்கத்துக்குக் கூட்டிப்போங்கள், 1977இல் திறந்தது, அதற்கு லிஃப்ட் உண்டு. மேலே போனதும் கொஞ்சம் படி இருக்கும், கைத்தாங்கலாக ஏற்றிவிட்டால் கடலும் ஊரும் ஒரே பார்வையில் கிடைத்துவிடும். திங்கள் மூடியிருக்கும்.

அதே கடற்கரைச் சாலையில் கொஞ்ச தூரத்தில் ஐஸ் ஹவுஸ் என்கிற விவேகானந்தர் இல்லம். அவர் 1897இல் ஒன்பது நாள் தங்கிய வீடு, மாமியாருக்குப் பிடிக்கும். உங்களுக்குப் பிடிக்கப் போவது அதற்கு முந்தைய கதை: 1842இல் அமெரிக்காவின் டியூடர் கம்பெனி அதை ஐஸ்கட்டி வைக்கிற கிடங்காகக் கட்டியது. அங்கே ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, பாதி உலகத்தைச் சுற்றிக் கப்பலில் கொண்டுவந்து மெட்ராஸ் துரைமார்களுக்கு விற்றார்கள். உள்ளூரிலேயே இயந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. வாசலில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, மாமியாரை இறக்கிவிட்டு, எதிரே கடற்கரையில் ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள், சர்க்கரை இல்லை என்றால் மட்டும்.